வீடு பார்க்கப் போனவர்கள்

வெக்ஸ்போர்ட்டில் எங்கள் வீட்டு வாசலில் அந்த ட்ரெயிலர் வந்து நின்ற நாளிலிருந்து தெருவில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் நடையைக் குறைத்தார்கள். காரின் பின்னால் பூட்டி இழுக்கிற பழைய, நீளமான வெள்ளை ட்ரெயிலர். உள்ளே நாலு பேர் படுக்கலாம், சமைக்கலாம், குளிக்கலாம் என்று விற்றவர் சொன்னாராம். குளிக்கலாம் என்பது உண்மைதான். குளிக்கும்போது முழங்கையை எங்கே வைப்பது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. என் கணவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து டயர்ச் சில்லுகளைத் தட்டிப் பார்த்தார். தொழிற்சாலையில் மெஷின் திருத்துகிறவர். எதையும் ஒருமுறை தட்டிப் பார்த்தால்தான் அவருக்கு நிம்மதி.

விளையாட்டுக்காக வாங்கிய ட்ரெயிலர் அல்ல அது. எங்களுக்கு ஒரே மகள், பத்தாம் வகுப்பு. அந்தக் குளிர்காலத்திலிருந்து அவளால் பள்ளிக்கூடம் போக முடியவில்லை. போகமாட்டேன் என்று அவள் அடம்பிடித்திருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். அடம்பிடித்தால் எப்படிச் சத்தம் போடுவது என்று எனக்குத் தெரியும். இவள் காலையில் எழும்புவாள், குளிப்பாள், பையைக் கொழுவிக்கொள்வாள், சப்பாத்தைப் போட்டு நாடாவைக் கட்டிக்கொண்டு வாசல் கதவடிக்குப் போவாள். கதவுப் பிடியில் கை வைப்பாள். பிறகு அப்படியே நிற்பாள். கழுத்து வியர்க்கும். நான் பேசிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், ஒருநாள் கதவை நானே திறந்து தோளில் பிடித்துத் தள்ளியும் பார்த்தேன். அவள் படியில் குந்தி மூச்சு வாங்கியதைப் பார்த்த பிறகு அந்த வேலையை விட்டேன்.

டொக்டர் இது பயத்தால் வருகிற ஒரு வருத்தம், நோய் மாதிரித்தான் என்றார். அவசரப்படுத்த வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாறும் என்றார். மாறியது என்னவோ வேறு. பள்ளிக்கூடத்தோடு நின்ற கதவு வீட்டுக்குள்ளும் வந்தது. சாப்பாட்டுக் கோப்பையை அறைக்குள் கொண்டுபோனாள். கேட்டதற்குத் தலையாட்டினாள். பிறகு தலையாட்டுவதும் குறைந்தது. பாடம் போனால் போகட்டும், அடுத்த வருடம் படிக்கலாம். ஒரே கூரைக்குள் இருந்துகொண்டே எங்களை விட்டுப் போய்விடுவாளோ என்றுதான் எனக்குப் பயம்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கணவர் சொன்னார்: "இஞ்சரும், ஒரு ட்ரெயிலர் வாங்குவம். லீவு எடுத்துக்கொண்டு கிழக்கால கடல் வரைக்கும் போவம். கதவைத் திறந்தா வெளியில பள்ளிக்கூடம் இல்லாத இடமாப் போவம்."

விசர்க் கதை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் என்னிடம் அதைவிட நல்ல கதை ஒன்றும் இருக்கவில்லை.

புறப்படுகிற நாள் மில்லிக்கனிலிருந்து கணவரின் தம்பி தேசிக்காயோடு வந்தார். அவர் வீடு விற்று வாங்கிக் கொடுக்கிற ஏஜென்ற். வாய் மூடாமல் கதைப்பது அவருடைய தொழில், பொழுதுபோக்கும் அதுதான். சில்லுகளுக்குக் கீழே தேசிக்காயை வைத்துக்கொண்டே கேட்டார்:

"பள்ளிக்கூட நேரத்தில பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எங்க அண்ணை போறியள்?"

மகள் காருக்குள் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு இருந்தாள். கணவர் தேசிக்காயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வீடு பாக்க" என்றார்.

இதைக் கேட்டு வெளியாட்கள் சிரிப்பார்கள். எங்கள் ஆட்கள் சிரிக்கமாட்டார்கள். சும்மா ஊர் சுற்றப் போகிறோம் என்றால் ஆயிரம் கேள்வி வரும். பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் நாங்கள் ஹைவேயில் ஏறுவதற்கு முன்பே செய்தி ஒஷாவாவில் இருக்கும் கணவரின் அக்காவிடம் போய், அங்கிருந்து லண்டன், பாரிஸ் சுற்றித் திரும்பி வரும். வீடு என்றால் மட்டும் யாரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள். பள்ளிக்கூடமென்ன, கலியாணத்தையே தள்ளிவைக்கலாம். தம்பியின் முகம் மலர்ந்தது. "அந்தப் பக்கம் இப்ப நல்ல மார்க்கெற் அண்ணை. பாத்துப்போட்டுப் படம் போடுங்கோ." எனக்கும் அப்போது அந்தப் பொய் வசதியாகத்தான் இருந்தது.

கியூபெக்கைக் கடந்து வடக்கே திரும்பி லாப்ரடோர் பக்கம் ஏறியதும் ரெலிபோனில் சிக்னல் நின்றுபோனது. அதோடு சொந்தக்காரர்களும் நின்றுபோனார்கள். ஊசியிலை மரம், ஏரி, மறுபடியும் மரம், மறுபடியும் ஏரி. எதிரே ஒரு லொறி வந்தால் கணவர் கைகாட்டுவார், லொறிக்காரரும் கைகாட்டுவார். அன்றைய ஊர்ச் செய்தி அவ்வளவுதான். ஜூன் மாதத்திலும் பள்ளங்களில் பனி கிடந்தது. கறுப்பு ஈக்கள் கண்ணுக்குள்ளும் காதுக்குள்ளும் புகுந்தன. கணவர் தலையில் வலையைப் போட்டுக்கொண்டு சம்பலுக்கு வெங்காயம் உரித்தார். ஒரு நாள் நான் கருவாடு பொரிக்க, பக்கத்து ட்ரெயிலரிலிருந்த வெள்ளைக்காரக் கிழவர் வந்து, கரடி திரிகிற இடத்தில் இப்படி மணக்க மணக்கச் சமைக்கக்கூடாது என்று தன்மையாகச் சொன்னார். சொல்லிவிட்டு, அது என்ன சாமான் என்று கேட்டு ஒரு கோப்பையில் வாங்கிக்கொண்டும் போனார்.

எந்த மெஷினையும் திருத்துகிற மனுசனுக்கு ட்ரெயிலரைப் பின்னால் எடுக்கத் தெரியவில்லை. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் அது மறுபக்கம் போகும். நான் பின்னால் நின்று "இஞ்சால! இஞ்சால!" என்று கத்துவேன். எஞ்சால என்று அவர் திருப்பிக் கத்துவார். ஒரு இடத்தில் சனம் கதிரை கொண்டுவந்து போட்டு உட்கார்ந்து எங்கள் கூத்தைப் பார்த்தது. அன்றைக்குத்தான் கார்க் கதவு திறந்து மகள் இறங்கினாள். காலில் ரப்பர் செருப்பு.

"அம்மா, நீங்கள் கத்தாதேங்கோ. தள்ளி நில்லுங்கோ. அப்பா, கண்ணாடியில என்ர கையை மட்டும் பாருங்கோ."

அவள் கையைக் காட்டக் காட்ட ட்ரெயிலர் சொன்ன பேச்சுக் கேட்கிற மாடு மாதிரிப் போய் இடத்தில் நின்றது. கதிரையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அவள் வெட்கப்பட்டாள். யாரும் சொல்லாமல் தானே ஒரு கதவைத் திறந்து இறங்கினாள் என்பது இரவு படுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. கணவரிடம் சொன்னேன். "கண்டனான்" என்றார். இரண்டு பேருக்கும் அந்தச் சந்தோசத்தைத் தொடப் பயமாக இருந்தது.

அதன் பிறகு ட்ரெயிலரை நிறுத்துவது அவளுடைய வேலையானது. சில்லுக்குக் கட்டை வைப்பாள், தண்ணீர்க் குழாய் பூட்டுவாள், அப்பாவை அதட்டுவாள். கோப்பையை வெளியே கொண்டுவந்து எங்களோடு இருந்து சாப்பிட்டாள். ஒருநாள் கறியில் உப்புக் கூடிவிட்டது என்று குறை சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. உப்புக்கு யாராவது அழுவார்களா?

லாப்ரடோர் கரையில் காரையும் ட்ரெயிலரையும் படகில் ஏற்றி நியூஃபவுண்ட்லாந்தில் இறங்கினோம். கடலில் பனிமலைகள் மிதந்தன. கரையில் பாறைக்கு மேல் சிவப்பும் மஞ்சளுமாக வீடுகள். அங்கேதான் சிக்னல் திரும்பி வந்தது. குடும்பக் குறூப்பில் சேர்ந்து கிடந்த செய்திகள் எல்லாம் ஒரேயடியாகக் கொட்டின. அண்ணை, வீடு பார்த்தாச்சோ? ஏன் படம் போடவில்லை?

கணவர் வழியில் கண்ட வீடுகளைப் படம் எடுத்துப் போடத் தொடங்கினார். ஒரு பொய்க்கு ஓராயிரம் படம். பேஸ்மென்ற் இருக்கோ, தனி வாசல் இருக்கோ, வாடகைக்கு ஆள் வருமோ என்று தம்பி கேட்டார். காலடியில் கடல் அடிக்கிற ஒற்றை வீட்டைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் கோயில் இருக்கோ, பஸ் வருமோ என்று ஒஷாவா மச்சாள் கேட்டார். மகள் நன்றாகப் படம் எடுப்பாள் என்று கணவர் ரெலிபோனை அவள் கையில் கொடுத்தார். அதுதான் பிழையாய்ப் போனது.

"ஏன் அப்பா ஆக்களின்ர வீடுகளைப் படம் எடுக்கிறம்? இட்ஸ் சோ வியர்ட்" என்றாள். அவர் ஏதோ மழுப்பினார். அவள் குறூப்பில் மேலே மேலே தள்ளி, நாங்கள் புறப்பட்ட நாளில் தம்பி போட்டிருந்த 'அண்ணை வீடு பாக்கப் போறார்' வரைக்கும் வாசித்தாள். பிறகு தலையைத் தூக்கினாள்.

"அப்ப நான் வெளியில சொல்ல வெக்கமான ஆளோ?"

நான்தான் முந்திக்கொண்டேன். "இல்லைக் குஞ்சு, சனம் சும்மா ஏதாவது..."

"சனம் எண்டு சொல்லாதேங்கோ அம்மா. நீங்கள்தான் சொல்லேல்லை."

ட்ரெயிலருக்குள் போய்த் தன் படுக்கையின் திரையை இழுத்து மூடினாள். அன்று முழுக்க வெளியே வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ரப்பர் செருப்பு படியடியில் கிடந்தது. கோப்பையைத் திரைக்குள் நீட்டினால் கை மட்டும் வந்து வாங்கியது. அதற்கு அடுத்த நாள் காலையில் திரைக்குக் கீழே பார்த்தேன். வீட்டிலிருந்து கொண்டுவந்த சப்பாத்தைப் போட்டு, நாடாவையும் கட்டிக்கொண்டு, இறங்காமல் இருந்தாள். இவ்வளவு காடும் கடலும் தாண்டி வந்து பழைய கதவடியிலேயே நிற்கிறோம். கணவரை வெளியே இழுத்துக்கொண்டு போய் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் ட்ரெயிலரின் சில்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அதைத் தட்டிப் பார்க்கவில்லை.

அன்று பின்னேரம் தம்பி ரெலிபோன் எடுத்தார். நல்ல உசாரான குரல். "அண்ணை, நீங்கள் படம் போட்ட அந்த மஞ்சள் வீட்டுக்கு ரெண்டு பார்ட்டி பிடிச்சிட்டன். அவையளையும் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை வாறன். டிக்கெற்றும் போட்டாச்சு."

கணவர் வெளியே போய்க் கதைப்பார் என்று நினைத்தேன். அவர் ட்ரெயிலருக்குள்ளேயே மேசைக்கு முன்னால் இருந்தார். ரெலிபோனை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். திரைக்கும் மேசைக்கும் இடையில் ஒரு கை தூரம்கூட இல்லை.

"டேய், வீடு ஒண்டும் இல்லை. நான் உனக்குப் பொய் சொன்னனான்."

"என்ன அண்ணை சொல்லுறியள்?"

"பிள்ளையால பள்ளிக்கூடம் போக ஏலாமல் இருக்கு. பயம். அதுவும் ஒரு வருத்தம்தான். அவளோட இருக்கத்தான் வந்தனாங்கள்." திரைப் பக்கம் பார்த்தார். "எனக்குச் சொல்ல வெக்கமாய் இருந்தது. அவளை நினைச்சு இல்லையடா. எல்லாத்தையும் திருத்திறன், என்ர பிள்ளைக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. அதுதான் வெக்கம்."

வாய் மூடாத மனுசன் அந்தப் பக்கமிருந்து மெதுவாகக் கேட்டார்: "எனக்குச் சொல்லியிருக்கலாமே அண்ணை. நான் வேற ஆளே?" அதற்கும் பிறகு, "அப்ப டிக்கெற்றைக் கான்சல் பண்ணவோ?"

திரை விலகியது. மகள் சப்பாத்தோடு இறங்கி மேசையடிக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. ரெலிபோனுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"வேண்டாம் சித்தப்பா. வாங்கோ. வீடு பாக்க வேண்டாம். என்னைப் பாக்க வாங்கோ."

கணவர் கையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் அவரை ஏசியதற்கெல்லாம் அந்த நேரம் வருத்தப்பட்டேன்.

சனிக்கிழமை விமான நிலையத்துக்குப் போக மகள்தான் ட்ரெயிலர்க் கதவைத் திறந்து முதல் ஆளாய் இறங்கினாள். தம்பி தனியே வந்தார். தூக்க முடியாத பெரிய பை ஒன்று வைத்திருந்தார். அதைக் காரில் ஏற்றும்போதே ரோல்ஸ் மணந்தது. அடியில் ஒஷாவா மச்சாள் சுட்டுக் கொடுத்த பயற்றம் பணியாரம், ஒரு வாளி நிறைய. கணவர் பையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் கேட்டார்:

"அங்க என்ன சொல்லிப்போட்டு வந்தனீ?"

"பிள்ளையைப் பாக்கப் போறன் எண்டு."

"எல்லாருக்குமோ?"

"எல்லாருக்கும்தான். பிள்ளையிட்டக் கேட்டுப்போட்டுக் குறூப்பிலயும் போட்டனான்."

கணவர் மகளைப் பார்த்தார். அவள் அதற்குள் ரோல்ஸ் ஒன்றைக் கடித்துவிட்டு, ஆறிப்போய்விட்டது என்று சித்தப்பாவைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தம்பி எங்களோடு தங்கின நாட்களில் மேசையை மடித்துப் போட்ட கட்டிலில் கால் நீட்ட இடமில்லாமல் படுத்தார். பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. ஒரு மாலை அவரும் மகளும் பாறையில் இருந்து பனிமலையைப் பார்த்தார்கள். அதற்கு பேஸ்மென்ற் நல்ல ஆழம், ஆனால் தண்ணி நிக்குது என்று அவர் சொல்ல, அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஆகஸ்டில் வீடு திரும்பினோம். கதை அதோடு சுபமாக முடிந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். செப்டெம்பரில் சில நாள் பள்ளிக்கூடம் போனாள், சில நாள் போகவில்லை. இப்போதும் அப்படித்தான். போக முடியாத காலையில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவடியில் நிற்பாள். கணவர் வேலைக்கு நேரமானாலும் தன் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்பார். அந்த நேரம் பார்த்து ஒஷாவா மச்சாள் ரெலிபோன் எடுத்து, "பிள்ளை எங்க?" என்று கேட்டால் நான் காரணம் தேடுவதில்லை.

"இஞ்சதான் மச்சாள், கதவடியில நிக்கிறாள். குடுக்கிறன், கதையுங்கோ" என்கிறேன்.