இடது கட்டைவிரலுக்கு எட்டிய பேச்சு

போன செவ்வாய்க்கிழமை மாலை நாலே காலுக்கு ஒரு விளையாட்டுக் கணினி என்னைப் பார்த்து, "கிராணி, வாய மூடு லா" என்றது.

எனக்கு வயது எழுபத்து மூன்று. இந்த ஊரில் என்னை அப்படிப் பேசத் துணிந்தவர்கள் நான்கு பேர். மூவர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நாலாவது ஆள்தான் அந்தக் கணினியைக் கையில் பிடித்திருந்த முனியாண்டி.

எனக்குக் கோபம் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். போட்டுக்கொண்டு, மறுபடியும் கழற்றித் துடைத்தேன்.

ஏன் என்று சொல்ல ஐந்து மாதம் பின்னால் போக வேண்டும்.

முனியாண்டி எங்கள் பத்து பெரண்டாம் தாமான் குடியிருப்பில் என் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. மெர்லிமாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆலை இரைச்சலில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. கல்யாண வீட்டில் மைக் இல்லாமலே கடைசிப் பந்திவரை அவன் கிண்டல் கேட்கும்.

ஐந்து மாதத்துக்கு முன் ஸ்ட்ரோக். வலது கை போயிற்று. பேச்சும் போயிற்று.

டாக்டர் சொன்னது எனக்கு மனப்பாடம். "புத்திக்கு ஒண்ணுமில்ல. வார்த்தை எல்லாம் உள்ளதான் இருக்கு. வாய்த் தசைதான் கேக்க மாட்டேங்குது." உள்ளே இருக்கிறதாம்! அத்தனை பேச்சையும் உள்ளே வைத்துக்கொண்டு ஒரு மனிதன் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். தினமும் இரண்டு வேளை.

மற்றபடி சமாளித்தான். கோலூன்றி நடப்பான். இடது கையால் சாப்பிடுவான். மனைவி இல்லை. மகள் கஸ்தூரிக்கு வயது முப்பத்தாறு, பக்கத்துத் தொழிற்பேட்டையில் டெக்னீஷியன். அவள் வேலைக்குப் போகும் ஒன்பது மணி நேரமும் அவன் தனியாக இருப்பான். பக்கத்து வீட்டுக் காக் யா, கூய்ப் பலகாரம் செய்து விற்கும் மலாய்க்காரப் பெண்மணி, நடுவில் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்ப்பார்.

அந்த ஏற்பாடு ஒருநாள் குலைந்தது. நாற்காலியிலிருந்து எழும்போது முனியாண்டி சரிந்து விழுந்தான். அடி பெரிதாக இல்லை. ஆனால் எழ முடியவில்லை, கூப்பிடவும் முடியவில்லை. ஒரு மணி நாற்பது நிமிடம் தரையில் கிடந்தான். அவ்வளவு நேரமும் காக் யா வீட்டு மிக்ஸர் ஓடும் சத்தம் அவனுக்குக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. பதினைந்து அடி தூரம். அளந்து பார்த்தேன்.

ஜொகூர் பாருவிலிருந்து மகன் சுரேஷ் கஸ்தூரிக்குப் போன் செய்தான். "இன்னும் மூணு வாரம் பாக்குறேன். அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை வந்து அப்பாவ இங்க ஒரு ஹோம்ல சேத்துடறேன். இல்லன்னா நீ வேலைய விட்டுட்டு கூட இரு."

சுரேஷ் கெட்ட பிள்ளை இல்லை. பயந்த பிள்ளை. ஆனால் கஸ்தூரி அந்த வேலைக்காக இரண்டு டிப்ளோமா படித்தவள். விடுப்பில் மிச்சம் இருந்தது இரண்டே நாள். அப்பாவா, வேலையா என்று ஒருத்தியை நிறுத்தி வைத்துக் கேட்டால் அவள் எங்கே போவாள்?

முதலில் போனில் ஒரு பேச்சுச் செயலியைக் காசு கொடுத்து வாங்கினாள். நாற்பது தமிழ் வாக்கியங்கள். திரையில் தொட்டால் பேசும். முனியாண்டியின் விரல் நடுக்கத்தில், தண்ணீர் கேட்கப் போனால் போன் "காலை வணக்கம்" சொல்லிற்று. அதுவும் சாயங்காலம் ஆறு மணிக்கு. எழுத்தைப் பெரிதாக்க முடியுமா? முடியாது. வாக்கியத்தை மாற்ற முடியுமா? அதுவும் முடியாது. பூட்டி வைத்த சாமான்.

அப்போதுதான் கஸ்தூரி தன் கைப்பையிலிருந்து அந்த விளையாட்டுக் கணினியை எடுத்தாள். தொழிற்சாலை பஸ்ஸில் போகும்போது கார் பந்தயம் ஓட்டுவதற்காக வாங்கியது. இரண்டு கையாலும் பிடிக்கிற அளவு, நடுவில் திரை, இரு பக்கமும் பொத்தான்கள். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: அறுநூற்று எழுபது கிராம்.

"இந்த வயசுல உனக்கு விளையாட்டுச் சாமானாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"அங்கிள், இது முழு கம்ப்யூட்டர். உங்க லேப்டாப்ல ஓடுற அதே லினக்ஸ்தான் இதுலயும் ஓடுது. வெளிய மட்டும்தான் பட்டன்."

என் மடிக்கணினியின் கதை பத்திரிகையில் நான் எழுதும் இந்த வாரப் பத்தியை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் அதற்கு வயதாகிவிட்டது, புதிது வாங்கு என்று அதுவே எனக்குச் சொன்னது. கஸ்தூரிதான் பழைய சிஸ்டத்தை எடுத்துவிட்டு இந்தத் திறந்த மென்பொருளைப் போட்டுக் கொடுத்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதை அடுத்தவருக்கும் கொடுக்கலாம். சும்மா கொடுக்கிறான் என்றால் எதையோ எடுக்கப்போகிறான் என்று அப்போது மூன்று வாரம் தொடர்ந்து இங்கே புலம்பினேன். இன்றுவரை எதுவும் காணாமல் போகவில்லை. தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கஸ்தூரி இணையத்தில் தேடினாள். எங்கோ ஒரு நாட்டில் பேர் தெரியாத ஒரு மனிதர், பேச முடியாத தன் மனைவிக்காக ஒரு நிரல் எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று போட்டு வைத்திருந்தார். அதை இவள் பொத்தான்களுக்கு ஏற்ப மாற்றினாள். இடது கட்டைவிரலால் குச்சியை எட்டுத் திசையில் எங்கு தள்ளினாலும் ஒரு பெட்டி திறக்கும். ஒவ்வொரு பெட்டியிலும் எட்டுச் சொல். வேண்டியதில் நின்று, ஆள்காட்டி விரலால் மேல் பொத்தானை அழுத்தினால் கணினி பேசும். எல்லாம் இடது கைக்குள். தொடுதிரையில் வழுக்கிய விரல், குச்சியில் நின்றது.

சொற்கள் எல்லாம் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் இருந்தன. என் மடிக்கணினியில் தட்டினால், அவள் போனிலும் விளையாட்டுக் கணினியிலும் அதே கோப்பு.

"சொல்லெல்லாம் நான் எழுதித் தரேன்" என்று முன்வந்தேன். அறுபத்து நான்கு சொல்! என்னைவிடத் தகுதியானவர் இந்தத் தாமானில் யார்?

மூன்று நாள் உட்கார்ந்தேன். அடித்தேன், திருத்தினேன். "நீர் வேண்டும்." "கழிப்பறைக்குச் செல்ல வேண்டும்." "உடல்நலம் சரியில்லை." "மிக்க நன்றி." ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை.

முனியாண்டி கணினியைக் கையில் வாங்கினான். எட்டுப் பெட்டியையும் திறந்து நிதானமாகப் பார்த்தான். மடியில் வைத்தான்.

நான்கு நாள் ஒரு பொத்தானைக்கூட அழுத்தவில்லை.

கருவி சரியில்லை என்றேன். குச்சி இறுக்கம் என்றேன். ஸ்ட்ரோக்கில் மனம் தளர்ந்துவிடும், என்ன செய்வது என்று பெரிய மனிதனாகப் பெருமூச்சும் விட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்தே நாள்தான் இருந்தது.

கஸ்தூரி கோப்பைத் திறந்து படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. எங்கப்பா இத்தன வருசத்துல ஒரு தடவையாச்சும் 'நீர்'னு சொல்லி நீங்க கேட்டிருக்கீங்களா?"

கேட்டதில்லை.

"இத அழுத்துனா பேசறது அப்பா இல்ல. நீங்க."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கத்துக் கதை ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் தகப்பனார் தோட்டத்தில் கிராணி, அதாவது எழுத்தர். விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு, வந்தவர்களுக்குச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் புள்ளி வைப்பவர். அந்தக் களத்தில் வரிசையில் நின்று "வந்துட்டேங்க" என்று சொன்னவர்களில் ஒருவர் முனியாண்டியின் தகப்பனார். நான் ஒருநாளும் தோட்டத்தில் வேலை செய்ததில்லை. நில அளவை அலுவலகத்தில் படம் வரைந்தவன். இருந்தாலும் முனியாண்டி என்னைக் 'கிராணி' என்றுதான் கூப்பிடுவான். கிண்டல் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். இப்போது பாருங்கள்... அவன் எதைப் பேசலாம் என்று நான் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறேன்!

பூட்டிய செயலியைக் குறை சொன்னேனே, நான் செய்தது மட்டும் என்னவாம்?

நல்லவேளை, கோப்பு திறந்துதான் இருந்தது. அறுபத்து நான்கையும் அழித்தேன்.

அந்தச் செவ்வாய் மத்தியானம் கஸ்தூரி அரைநாள் விடுப்பெடுத்து வந்தாள். மூவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். அவள் ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, முனியாண்டி கட்டைவிரலை உயர்த்துவான், அல்லது கவிழ்ப்பான். இந்த முறை பேர் கூப்பிட்டது நாங்கள். புள்ளி வைத்தது அவன்.

"தண்ணி?" உயர்ந்தது. "ஜாம்பான்?" கழிப்பறைக்கு அவன் ஆயுள் முழுக்கச் சொன்ன மலாய்ச் சொல். உயர்ந்தது. "தே ஓ?" பால் இல்லாத தேநீர், விரல் இரண்டு தடவை உயர்ந்தது. "அலாமாக்" என்ற மலாய் ஐயய்யோ, "போடா", "சாப்டியா", "வலிக்குது", "சும்மா இரு" எல்லாம் உயர்ந்தன.

"நன்றி?" கவிழ்ந்தது.

"நன்றி வேணாமாப்பா?"

வேண்டவே வேண்டாமாம். தலையையும் ஆட்டினான்.

எங்கள் மலேசியப் பேச்சின் வாலான 'லா'வுக்குத் தனிப் பொத்தான் கொடுத்தது கஸ்தூரியின் யோசனை. எந்தச் சொல்லுக்குப் பின்னாலும் ஒட்டிக்கொள்ளலாம். ஒரு பெட்டி முழுக்கக் காக் யாவுக்காக மலாய்ச் சொற்கள். கடைசிப் பெட்டி பேர்களுக்கு. கஸ்தூரி, சுரேஷ் என்று வந்ததும் அவன் இடது கையை நீட்டி என் மார்பைத் தொட்டான். என் பேரைத் தட்டினேன். விரல் கவிழ்ந்தது.

"அங்கிள்... கிராணின்னு போடுங்க" என்றாள் கஸ்தூரி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

போட்டேன். 'வணக்கம்' மட்டுமாவது இருக்கட்டுமே, மரியாதைக்கு ஒன்று வேண்டாமா, 'தயவுசெய்து' என்று ஒன்று... நான் அடுக்கிக்கொண்டே போனபோதுதான், இந்தப் பத்தியின் முதல் வரியில் சொன்னேனே, அந்த வாக்கியம் வந்தது. ஐந்து மாதத்தில் அவன் பேசிய முதல் வாக்கியம்.

குரல் என்னவோ இயந்திரக் குரல்தான். மூக்கடைத்த செய்தி வாசிப்பாளர் போல. ஆனால் பேசியவன் முனியாண்டி. அன்று இரவுச் சாப்பாட்டுக்குள் அறுபத்தோரு தடவை பேசினான். இருபத்து மூன்று 'லா'.

ஞாயிறு பதினோரு மணிக்குச் சுரேஷ் வந்தான். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் விண்ணப்பப் பாரம், பூர்த்தி செய்தது. கையெழுத்து மட்டும் பாக்கி. எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. பத்தே முக்காலுக்கே போய் உட்கார்ந்துவிட்டேன்.

கஸ்தூரி கணினியைக் காட்டினாள். சுரேஷ் திருப்பிப் பார்த்தான், நல்லா இருக்கு என்றான். ஆனால் முகம் இளகவில்லை.

"எனக்கு மட்டும் அப்பாவ அனுப்பணும்னு ஆசையா? நீ வேலைல இருக்கப்ப விழுந்துட்டாருன்னா? இத அழுத்துனா ஹால்ல இருக்கிற நாலு செவுத்துக்கு கேக்கும். வேற யாருக்கு கேக்கும்? அங்கிள், நீங்களே சொல்லுங்க."

இதே கேள்வியை நானே ஒரு வாரமாக மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முனியாண்டி கட்டைவிரலை நகர்த்தினான்.

முந்தின நாள்தான் கஸ்தூரி சன்னலோரம் ஒரு புளூடூத் ஸ்பீக்கரை வைத்து அதோடு இணைத்திருந்தாள். எனக்கே சொல்லவில்லை. "காக்! தோலோங்! தோலோங்!" 'அக்கா, உதவி' என்று மலாயில் போட்ட அந்தக் கூப்பாடு தெருவுக்கே கேட்டது. எதிர்வீட்டு நாய் குரைத்தது. என் நெஞ்சு ஒரு துடிப்பை விட்டுவிட்டது, நிச்சயமாக.

பக்கத்து வீட்டு இரும்புக் கதவு சடாரென்று திறந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தொன்பதாவது விநாடி காக் யா ஹாலில் நின்றார். இரண்டு கையிலும் தேங்காய்ப் பூ. மூச்சிரைக்க, "கெனாப்பா? கெனாப்பா?" என்ன ஆச்சு என்று பதறுகிறார்.

முனியாண்டி நிதானமாக இரண்டு தடவை பொத்தானை அழுத்தினான்.

"தே ஓ. சத்து."

ஒரு தே ஓ வேண்டுமாம்.

காக் யா இரண்டு நொடி அவனையே பார்த்தார். பிறகு தேங்காய்க் கையாலேயே அவன் தோளில் ஒன்று வைத்து, "கீலா லா நீ! பைத்தியம்!" என்று பாதி மலாயிலும் பாதித் தமிழிலும் திட்டிவிட்டுத் தேநீர் போடப் போனார். சுரேஷ் சிரித்தான். கஸ்தூரி சிரித்தாள். நான் என் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சார்ஜ் எறங்கிட்டா?" என்றான் சுரேஷ், இன்னும் விடாமல்.

"உக்காந்திருக்கப்ப ஒயர் சொருகித்தான் இருக்கும். நடக்கறப்ப கழுத்துல வார் போட்டு மாட்டிக்குவாரு. கெட்டுப்போச்சுன்னா என் பழைய போன்லயும் இதேதான் இருக்கு. ரெண்டு பட்டன வச்சு ஓட்டலாம்" என்றாள் கஸ்தூரி. "சொல்லு, வேற என்ன?"

சுரேஷ் அப்பாவைப் பார்த்தான். முனியாண்டி குச்சியைத் தள்ளினான்.

"நா போகல லா."

அவன் விரல் இன்னொரு பெட்டிக்குப் போயிற்று. நின்றது. அழுத்தியது.

"சுரேஷ்... சாப்டியா?"

முப்பத்தொன்பது வயது ஆண்பிள்ளை, பாரத்தைத் தரையில் போட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டான். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். தே ஓவுக்குச் சீனி எத்தனை கரண்டி என்று காக் யாவிடம் சொல்ல ஆள் வேண்டாமா?

பாரம் உறையோடு அலமாரிக்குப் போனது. மூன்று மாதம் பார்ப்பது என்று பேச்சு. கஸ்தூரி திங்களன்று வழக்கம்போல ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தாள்.

எங்கள் சொற்பட்டியலை அவள் அந்தப் பேர் தெரியாத மனிதரின் நிரலோடு சேர்த்து எல்லோருக்கும் போட்டு வைத்திருக்கிறாள், மலேசியத் தமிழ் என்று பேர் கொடுத்து. நேற்று சித்தியவானிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். தன் அம்மாவுக்காகப் பதினோரு சொல் சேர்த்திருக்கிறாராம், நாங்களும் எடுத்துக்கொள்ளலாமாம். படித்துப் பார்த்தேன். அதில் நான்கு சொல் அச்சில் போட முடியாதது. முனியாண்டி பதினொன்றுக்கும் கட்டைவிரலை உயர்த்தினான்.

நாட்டில் நல்லது எதுவுமே நடக்கவில்லை என்று வாராவாரம் இங்கே கவலைப்படுகிறவன் நான். இந்த வாரம் கவலை ஒன்றே ஒன்றுதான். காலை எட்டு மணிக்கு ஆரம்பிக்கிறவன் நிறுத்துவதே இல்லை. என் வீட்டு வாசலுக்கே கேட்கிறது. சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று நேற்று மெல்லக் கையை நீட்டினேன்.

அந்தப் பொத்தானும் அவன் கட்டைவிரலுக்கு அடியில்தான் இருக்கிறது.