பச்சைப் புள்ளிக் குண்டான்

இன்று எங்கள் மலையூரான பிரிஞ்சாங்கில், கோயிலில் சமையலுக்கு ஆள் வேண்டுமென்றார்கள். முட்டிவலி, மழை வேறு. முடியாதென்று சொல்லத் தெம்பில்லாமல், வீட்டுப் பழைய குண்டானைத் தூக்கிக்கொண்டு போனேன்.

பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த, முன்பின் தெரியாத ஓர் அக்கா, அதன் பிடிக்குக் கீழே இருந்த சாயத்தையே பார்த்தார்.

"பச்சைப் புள்ளி. இது எங்க வீட்டுது லா."

எழுபதுகளில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் லயத்தில் வரிசையாக இருந்த வீடுகள் எல்லாமே பாத்திரம் கொடுக்கும். மாறாமலிருக்க வீட்டுக்கு ஒரு நிறத்தில் புள்ளி வைப்போம். எங்களுடையது சிவப்பு. அப்படியும் மாறும். மறுநாள் விடிந்தால் கொழுந்து பறிக்கப் போக வேண்டும். கிடைத்ததை எடுத்துக்கொண்டு போய்ப் படுப்பார்கள். என் கூடப்பிறந்த அக்கா கல்யாணத்தில் எங்கள் சிவப்புக்குப் பதிலாகப் பச்சை வந்தது. யாருடையது என்று விசாரிக்க அலுத்துப்போய், அம்மா அதிலேயே உலை வைத்துவிட்டார்.

"எடுத்துட்டுப் போங்கக்கா" என்றேன்.

"வேணாம். உங்க செவப்பு எங்க வீட்லதான் இருக்கு. லயத்தையும் இடிச்சிட்டாங்க. இதையும் மாத்திக்கிட்டா, உங்க வீட்டுக்கு வர எனக்கு என்ன சாக்கு இருக்கு?"

மாற்றவில்லை. முகவரி மட்டும் வாங்கிக்கொண்டார்.

இப்போது நானிருக்கும் அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது. நாளை ஒரு தட்டில் ஏதாவது கொடுத்துவிட்டு, அவர்கள் வீட்டுத் தட்டு ஒன்றை வாங்கி வரலாமென்று இருக்கிறேன்.

உங்கள் வீட்டில் யார் வீட்டுப் பாத்திரம் இருக்கிறது?