எந்த மாதத்துக் கடல்?

நேற்று சாப்பாட்டு மேசையில் ஒரு தாள் கிடந்தது. மருமகள் வீட்டில் டியூஷன் எடுக்கிறாள். அவளிடம் படிக்கும் ஏதோ ஒரு பிள்ளை மறந்துவிட்டுப் போனது. 'ஆஸ் ஒயிட் ஆஸ்' என்று அச்சடித்து, பக்கத்தில் ஒரு கோடு. கோட்டின் மேல் 'ஸ்னோ' என்று எழுதி, டிக்கும் வாங்கியிருந்தது. இதற்குப் போய் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறியது என்றால் சிரிப்பீர்கள். ஏறியது. காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

ராயபுரத்தில் டிராம் ஓடிய காலத்தில், நாலாவது பாரத்தில், அதாவது ஒன்பதாம் வகுப்பில், இதே ஸ்னோவை எழுதி டிக் வாங்கியவள்தான் நானும். வெண்பனியை நான் எங்கே கண்டேன்? அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து மளிகைக்கடை வைத்தவர். எங்கள் வீட்டில் வெள்ளை என்றால் அரிசி மாவு. ஆனால் இங்கிலீஷ் மிஸ் முப்பது உவமைகளை டிக்டேஷன் போடுவார். வரிசை மாறாமல் ஒப்பிக்க வேண்டும். ஒன்றைப் பார்த்தால் இன்னொன்று நினைவுக்கு வருவதுதான் உவமை என்று அவரே விளக்குவார். என்ன நினைவுக்கு வரவேண்டும் என்பதையும் அவரே எழுதிப்போட்டுவிடுவார்.

டிராமை விட்டு இறங்கும்போதே ஓடிகோலன் சென்ட் நனைத்த கைக்குட்டை மிஸ்ஸின் மூக்கில் இருக்கும். கருவாட்டு நாற்றம் தாங்காதாம். கல்யாண வீட்டில் அந்த ஓடிகோலன் வாசனை அடித்தால் இன்றைக்கும் இடம் மாறி உட்காருவேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லூர்து அந்தக் கருவாட்டு வீட்டுப் பெண்தான். காசிமேட்டு மீனவக் குடும்பம். அதில் பள்ளிக்கூடம் பார்த்த முதல் ஆள் அவள். "பாஸானா படி. பெயிலானா அம்மா கூட கூடைய தூக்கினு போ" என்று அவள் நைனா முன்னாலேயே சொல்லிவைத்திருந்தார்.

ஒருநாள் 'கடலைப் போல நீலம்' என்று மிஸ் எழுதச் சொன்னார். லூர்து எழுந்தாள்.

"எந்த மாசத்து கடலு மிஸ்?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஐப்பசில சேறு மாரி கீது மிஸ். மாசிலதான் நீலமா கீது" என்றாள். கேலியில்லை. அவள் நைனா தண்ணீரின் நிறம் பார்த்துத்தான் கட்டுமரத்தை இறக்குவார்.

"அதிகப்பிரசங்கி! பெஞ்சு மேல ஏறி நில்லு!"

மணி அடிக்கும்வரை நின்றாள். இறங்கியதும், "நான் இன்னாடீ தப்பா கேட்டேன்?" என்றாள். தப்பே இல்லை என்று எனக்குத் தெரியும். மிஸ் காதில் விழுந்துவிடுமோ என்று பயந்து சொல்லவில்லை.

முழுப் பரீட்சையில் அதே கோடிட்ட இடங்கள். லூர்து 'உப்பைப் போல வெள்ளை' என்று எழுதினாள். எண்ணூர் உப்பளக் குவியல்களைப் பார்த்தவள் வேறென்ன எழுதுவாள்? 'மாசி மாதத்துக் கடலைப் போல நீலம்' என்றும் இங்கிலீஷில், பிழையில்லாமல், எழுதினாள். இரண்டுக்கும் சிவப்பில் பெருக்கல் குறி. இரண்டே மார்க்கில் பெயிலாகிப் போனாள். எனக்கு முழு மார்க்.

அவள் எழுதியதுதானய்யா உவமை! நான் எழுதியது நோட்டில் உருப்போட்டது. கண்ணால் கண்டதை எழுதியவளைக் கூடை தூக்க அனுப்பிவிட்டு, காணாததை எழுதியவளை மேல் வகுப்புக்கு அனுப்பினார்கள். அந்த மிஸ்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. வாயைத் திறக்காத என்மேல் அதைவிட அதிகம்.

சில வருஷம் கழித்து, டீச்சர் டிரெயினிங் முடித்து வீட்டிலிருந்த சமயம், வாசலில் மீன் விற்கும் குரல் கேட்டு வெளியே போனேன். லூர்து கூடையை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். நிமிர்ந்து பார்த்தாள். அடையாளம் தெரிந்தது, கண்ணிலேயே தெரிந்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு இன்னா மீனு வோணும்மா? நல்லா பாத்து எடுத்துக்குங்க."

டிராம் போய்விட்டது. அவர்கள் குப்பத்து மணலைக் கடல் தின்று, இப்போது கரை நெடுகக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். அதற்கெல்லாம் வருத்தப்பட்டு எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். என்னை 'டீ' போட்டுக் கூப்பிட இந்த ஊரில் ஒரே ஒருத்தி இருந்தாள். அவள் அன்று என் வாசலில் நின்றுகொண்டே இல்லாமல் போனாள்.