பட்டைக்கு அடியில் கிடந்த நம்பர்

ஆத்தூர் இசக்கியப்பனுக்கு எதையும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நகரத் தெரியாது. திருச்செந்தூரில் ஒரு சத்திரத்தில் தங்கிய அன்று, சுவர்க்கடிகாரம் எப்படி மணியடிக்கிறது என்று கழற்றிப் பார்த்து, அதை ஊமையாக்கிவிட்டு வந்த ஆள். அடுத்தவர் காரை ஓட்டியே நாற்பது வயது தாண்டிவிட்டது. சொந்தமாய் ஒரு வாடகைக் கார் வேண்டும், அதன் பதிவுப் புத்தகத்தில் தன் பெயர் ஏற வேண்டும். வேறு ஆசை கிடையாது.

இரண்டாம் உலகச் சண்டை முடிந்த மறுவருஷம், காயல்பட்டினத்து மஹ்மூது முதலாளி தன் நீலக் காரை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனான். பெட்ரோல் கிடைக்காத நாளெல்லாம் கிட்டங்கியில் சங்கு மூட்டைகளோடு கிடந்த வண்டி அது.

பட்டாளத்து வண்டிகள் ஏலத்துக்கு வந்து, ஒன்றின் எஞ்சினும் இன்னொன்றின் உடம்புமாக ரோட்டில் திரிந்த சமயம். எஞ்சின் நம்பரும், வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தில் வெட்டியிருக்கும் சட்டத்து நம்பரும் புத்தகத்தோடு ஒத்துப்போனால்தான் ஆபீசில் பெயர் மாற்றுவார்கள்.

எஞ்சின் நம்பர் லேசில் கிடைத்தது. பிசுக்கைத் துடைத்து, வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பைத் தடவி வழித்தான். பள்ளத்தில் தங்கிய சுண்ணாம்பு ஒவ்வொரு எண்ணையும் வெள்ளையாகக் காட்டியது. சரியாக இருந்தது.

சட்டத்து நம்பரைத்தான் காணோம். வண்டிக்கடியில் மல்லாந்து படுத்துத் தேடினால், நம்பர் இருக்கவேண்டிய இடத்தில் இரும்புப் பட்டை ஒன்று, தோணிக்குப் பூசுவதுபோல் கறுப்பாய்க் கீல் பூசி, போல்ட் முடுக்கிக் கிடந்தது.

"மொதலாளி, இது யாரு போட்ட ஒட்டு?"

"நம்ம தோணி ஆசாரி. பாலத்துல இடிச்சி சட்டம் விட்டுப்போச்சி. தோணி ஒடைஞ்சா யாரு கட்டுதாரோ, அவரே இதையும் கட்டுனாரு."

"நம்பரு அதுக்கடியில கெடக்கும்."

"கெடக்கட்டும்வே. பேத்தா வண்டி ரெண்டாப் போவும். திருட்டு வண்டின்னு நெனைக்கீரா?"

"அதில்ல மொதலாளி. பாக்கணும்."

"பாரும். ஆனா நம்பரு சரியா இருந்தா, எந்தக் கோலத்துல கெடந்தாலும் வண்டி உம்மது. சம்மதமா?"

இசக்கியப்பன் யோசிப்பதுபோல் தலையைச் சொறிந்தான். மற்றக் கை அதற்குள் ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தது.

கட்டைகளை அண்டைகொடுத்து, கீலைச் சுரண்டி, பட்டையை இறக்கினான். சட்டம் முனகிக்கொண்டு ஒரு விரற்கடை தொங்கியது. மறுபடியும் சுண்ணாம்பு. முதலாளி புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக வாசிக்க, இவன் கீழிருந்து பதில் சொன்னான்.

"கடைசி எட்டு."

"எட்டேதான் மொதலாளி."

"வண்டிய ஒடைச்சாச்சி. இப்ப சந்தோசமா?"

"சந்தோசந்தான். ஆசாரி ஒரு எண்ணு மேலயும் ஓட்டை போடல, பாத்தீரா? நம்பருன்னு தெரிஞ்சிருக்கு."

"அவருக்கு என்ன தெரியும்? பூவேலைன்னு நெனச்சிருப்பாரு."

சாயங்காலம், சட்டத்தோடு பனங்கட்டை வைத்துக் கட்டிய காரை இரண்டு மாடுகள் தூத்துக்குடிக்கு இழுத்துப்போயின. இசக்கியப்பன் உள்ளே உட்கார்ந்து ஸ்டீரிங்கைத் திருப்பிக்கொண்டு வந்தான். வழியில் சிரித்தவர்களை அவன் சட்டை செய்யவில்லை.

துறைமுகத்துப் பட்டறையில் புதுப் பட்டை போட்டபோது, நம்பருக்கு நேரே உள்ளங்கை அகலம் வெட்டிவிடச் சொன்னான். ஆபீஸர் குனிந்து அதன் வழியே பார்த்தார். புத்தகத்தில் பெயர் ஏறியது. அப்புறம் கோயிலுக்குப் போகிற சவாரிக்காரர்கள் சிலரையும் வண்டிக்கடியில் படுத்துப் பார்க்கச் சொல்லி அவன் தொந்தரவு செய்ததுண்டு.