வீரலட்சுமியின் ஏழு பட்டைத் துண்டுகள்

மட்டாஞ்சேரியில் எண் படிக்க வீரலட்சுமிக்கு நிகர் யாரும் கிடையாது. கணக்கு வாத்தியார்களே சந்தேகம் கேட்க அவளைத் தேடி வருவார்கள். சரி, வாத்தியார்கள் வந்தது கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். ஆனால் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள் எண் படித்தது மெய்.

தேனிப் பக்கத்திலிருந்து மலையாள நாட்டுக்குப் பிழைக்க வந்தவள். யூதர் தெருவான ஜூ டவுனில், மசாலாக் கிடங்கொன்றில் சாக்குத் தைக்கிறாள். எதிரே இருக்கும் மின்தராசில் சிவப்பு எண்கள் மாறுவதைப் பார்த்துப் பார்த்து, தரையில் உதிர்ந்த ஏழு பட்டைத் துண்டுகளை அதேபோல அடுக்கிப் பழகினாள். மேலே, நடுவே, கீழே ஒவ்வொன்று. இரு பக்கமும் இரண்டிரண்டு. தராசில் அந்த ஏழு விளக்குக் கோடும் எரிந்தால் எட்டு. நடுவிளக்கு அணைந்தால் பூஜ்யம். வலப்பக்கத்து இரண்டு மட்டும் எரிந்தால் ஒன்று. எந்த எண்ணுக்கு எந்த விளக்கு என்பதை உள்ளே இருக்கும் குட்டிச் சிப் பார்த்துக்கொள்கிறது.

போன மாதம் கோணி ஊசி அவள் வலது கட்டைவிரலில் இறங்கிச் சீழ் வைத்துவிட்டது. விரலை எடுக்க வேண்டிவருமோ என்று பயம். விரல் போனால் ஊசி பிடிப்பது எப்படி? ஆஸ்பத்திரிக்குக் கை டாக்டர் வாரத்துக்கு ஒருநாள்தான் வருவார். அவர் அறை வாசலிலும் தராசு மாதிரியே விளக்கால் எண் காட்டும் பலகை; அதில் நம் சீட்டு எண் வந்ததும் உள்ளே போகாவிட்டால் அடுத்த வாரம்தான்.

அவளுக்கு எட்டாம் சீட்டு. பக்கத்தில் ஒன்பதாம் சீட்டோடு ஜொஹரா பீவி. பலகையில் ஆறு வந்தது, போனது. அடுத்து மேலே ஒரு கோடு, கீழே வலப்பக்கம் ஒரு கோடு. ஏழாம் சீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே உள்ளே போய் வந்தார். பிறகு மறுபடியும் ஆறு.

வீரலட்சுமி எழுந்தாள்.

"எடீ, இரி அவிடெ! ஆறாம் நம்பர்காரன் மருந்து வாங்கப் போயிருக்கான், அவனைத்தான் திரும்பக் கூப்பிடுறாங்க" என்றாள் ஜொஹரா.

"இல்ல பீவிம்மா. ஏழு வந்தப்பவே வலப்பக்கத்து மேல்குச்சி எரியல. அந்தக் குச்சி போனா எட்டு ஆறாத்தான் தெரியும். அது என் எட்டு."

"கையெழுத்துப் போடத் தெரியாதவ போர்டைத் திருத்துறாளே, படச்சோனே!"

"உங்க ஒம்பது அஞ்சா வரும். அசந்துடாதீங்க!" என்று சொல்லிக்கொண்டே கதவைத் தள்ளினாள். அடுத்த எண்ணை அழுத்தப் போன நர்ஸின் விரல் பொத்தான்மேல் இருந்தது.

டாக்டர் கீறிச் சீழை எடுத்தார். "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா விரல் போயிருக்கும்" என்றார். வெளியே பலகையில் அஞ்சு வந்தது; ஜொஹரா குடுகுடுவென்று உள்ளே ஓடினாள்.

கட்டுப் பிரித்த அன்று ஜொஹரா கப்பைக்கிழங்கும் மீன்கறியும் எடுத்துக்கொண்டு கிடங்குக்கே வந்துவிட்டாள். அப்போதுதான் தராசின் சுவிட்சைப் போட்டார்கள். எண்கள் எல்லாம் ஒரு நொடி எட்டாக எரிந்தன. வீரலட்சுமி தைத்துக்கொண்டிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள்.

"ஏழு குச்சியும் சேர்ந்து என் விரலைக் காப்பாத்துச்சு பீவிம்மா."

"ஏழில்ல மோளே, ஆறு" என்றாள் ஜொஹரா, மீன்முள்ளை எடுத்துக்கொண்டே. "ஒண்ணு உன்னை வீட்டுக்கு அனுப்பத்தான் பார்த்துச்சு."