மூன்று நாள் ஆட்சியும் புதன்கிழமைச் சமையலும்

‘சத்வா ரூம். கொரியப் படம். பாதியில் நிறுத்தம்.’ 2023 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கைபேசியில் எழுதிவைத்த குறிப்பு இவ்வளவுதான். மீதியை நினைவிலிருந்து எழுதுகிறேன்.

வளைகுடாவில், சத்வா பகுதியில் நாங்கள் தங்கியிருந்த அறையில் ஆறு பேர். விடுமுறை நாளில் லேப்டாப்பில் படம் ஓடும். சப்டைட்டிலை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன். அன்றைய படம் 1884-இல் கொரியாவில் நடந்ததைப் பற்றியது. சீர்திருத்தம் வேண்டுமென்ற இளைஞர்கள் சிலர் அதிகாரத்தைப் பிடித்து, மூன்றே நாளில் சீனப் படையிடம் இழக்கிறார்கள். முடிவு எனக்குத் தெரியும்; சொல்லவில்லை.

அவர்கள் ஜெயித்த இடத்தில் டீக்காக நிறுத்தினோம். எங்களில் ஒருவன் செக்யூரிட்டி. இரவு முழுக்க டூட்டி. அவன் முறை வரும் நாளில் காலையில் வந்து, அறைக்கே சமைத்துவிட்டுத்தான் படுப்பான். டூட்டியில் கண்ணயர்ந்து ஏற்கனவே ஒரு வார்னிங் வாங்கியிருந்தான்.

“நைட் டூட்டிக்காரனுக்குச் சமையல் முறை வேணாம்னு அண்ணன்கிட்ட இன்னைக்கே கேக்கப் போறேன்,” என்றான்.

“கேளு மாப்ள, நாங்க இருக்கோம்ல,” என்றார்கள் மற்ற மூவரும்.

அண்ணன் அறையில் மூத்தவர். குளித்துவிட்டு வந்தவர் பொறுமையாகக் கேட்டார்.

“சரிப்பா. இவன் சொல்றது எவனுக்கெல்லாம் சரின்னு படுது? கையத் தூக்குங்க.”

அவன் கையும் என் கையும் மட்டுமே மேலே இருந்தன. மூவரும் நின்றுபோன திரையையே பார்த்தார்கள். மூவருக்கும் விசா எடுத்துக் கொடுத்தவர் அண்ணன். நான் வேறு கம்பெனி. கை தூக்குவதில் எனக்கு இழப்பு எதுவும் இல்லை.

“ரெண்டு பேரு. கலாஸ், முடிஞ்சுது. புதன்கிழமை உன் முறை, மீன் வாங்கி வச்சுடுறேன்.”

“மீனாச்சும் நம்ம பக்கம் நிக்குமாண்ணே?” என்று சிரித்தான் அவன்.

மீதிப் படத்தையும் பார்த்தோம். தலைவர்கள் சிலர் கப்பலேறித் தப்புகிறார்கள்; அரசரை விட்டு வர மறுத்த ஒருவர் கொல்லப்படுகிறார்.

“இந்தாளு ஏன் ஓடல?” என்று அவன் கேட்டான்.

புதன்கிழமை மீன் குழம்பு வைத்தான். அன்று இரவே டூட்டியில் மறுபடி கண்ணயர்ந்து இரண்டாவது வார்னிங். மாதக் கடைசியில் வேலை போய், விசா கேன்சல்.

கொரியாவின் அந்த மூன்று நாட்களைப் பற்றி அதன்பின் நிறையப் படித்துவிட்டேன். ஆனால் அன்று கை தூக்கியதற்குப் பதில், “புதன்கிழமை நான் சமைக்கிறேன், நீ தூங்கு” என்று சொல்லியிருக்கலாம். யார் அனுமதியும் தேவைப்பட்டிருக்காது. அது எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

அவன் இப்போது குவைத்தில், ஃபர்வானியாவில், பகல் டூட்டியில் இருப்பதாக ஒருவர் சொன்னார். அவனுடைய பழைய எண் வேலை செய்யவில்லை. இதை என்னால் இன்னும் உறுதிசெய்ய முடியவில்லை.