சாரத் துணியில் ஒரு பாக்கெட்

தென்காசியில் ஃபால்ஸ் என்றால் இரண்டு. ஒன்று, பக்கத்தில் குற்றாலத்தில் பாறை மேலிருந்து விழுவது. மற்றது, புடவையின் கீழ்க்கரையில் நான் உட்கார்ந்து தைப்பது. முதல் ஃபால்ஸைப் பார்க்க ஊர் உலகமே வரும். இரண்டாவதை யாரும் குனிந்துகூடப் பார்ப்பதில்லை. தையல் வெளியே தெரிந்தால் மட்டும் பார்ப்பார்கள், திட்டுவதற்கு.

வீட்டிலிருந்தே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். எங்கள் தெருவில் பாதிப் பெண்களின் தோள் அளவு எனக்கு மனப்பாடம். ஆனால் எனக்கென்று ஒரு ஜீன்ஸ் வாங்கக் கடைக்குப் போனால் ஒன்றும் சரிப்படாது. இடுப்புக்குச் சரியாக இருந்தால் தொடையில் ஏறாது. தொடையில் ஏறினால் இடுப்பில் இன்னொருத்தியும் நுழையலாம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், பாக்கெட்டைத்தான் பொறுக்க முடியவில்லை. பெண்களுக்கான ஜீன்ஸில் பாக்கெட்டுக்குள் இரண்டு விரல் போகும், அவ்வளவுதான். சிலவற்றில் அதுவும் கிடையாது. வாய் மட்டும் வரைந்த மாதிரி இருக்கும், திறக்கலாம் என்று பார்த்தால் தைத்து மூடியிருப்பான். பொம்பளையிடம் உள்ளே வைத்துக்கொள்ள என்ன இருக்கப்போகிறது என்று எவனோ ஒருத்தன் எங்கேயோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறான். அவன் கையில் கிடைத்தால் அவன் பேன்ட்டின் பாக்கெட்டையும் தைத்து அனுப்புவேன்.

ஆகவே, நானே தைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். கோவில் பக்கத்துக் கடையில் ஜீன்ஸ் துணி வெட்டி வாங்கினேன். ஜாக்கெட் ஊசி அந்தத் துணிக்கு ஆகாது, தடித்த ஊசி மாட்ட வேண்டும். அப்படியும் கவட்டையில் நான்கு மடிப்பு சேருகிற இடத்தில் ஊசி படக்கென்று முறியும். அந்த இடத்தை அம்மிக் குழவியால் தட்டித் தட்டிப் படியவைத்துத்தான் மெஷினில் கொடுத்தேன். ஜீன்ஸுக்கே உரிய அந்த மஞ்சள் நூலில் இரட்டைத் தையல் ஓட்டினேன். மெஷின் இருப்பது பட்டாசலில், அதாவது முன்கூடத்தில், டிவிக்கு நேர் எதிரே. அங்கேதான் என் வீட்டுக்காரர் சாப்பிடுவார், செல்போன் பார்ப்பார், தூங்குவார். நான் குழவியால் தட்டும்போது மட்டும் தலையைத் தூக்கி, "ஏட்டி, என்ன சத்தம்?" என்பார். பதில் சொல்வதற்குள் தலை குனிந்துவிடும்.

அடிப்படைத் தையல் முடிந்த பிறகுதான் எனக்கு ஆசை வந்தது. ஊரார் கல்யாண ஜாக்கெட்டுகளில் மிஞ்சிய பட்டுத் துணுக்குகள் ஒரு பை நிறைய என்னிடம் இருந்தன. கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், அரக்கு. எல்லாம் மற்றவர்களுடைய விசேஷங்களின் மிச்சம். அவற்றை வெட்டி இடது தொடையில் எங்கள் மொட்டைமாடியிலிருந்து தெரிகிற மலைகளைப் போல வரிசையாக ஒட்டித் தைத்தேன். மலையிலிருந்து கீழே கணுக்கால் வரைக்கும் வெள்ளை நூலில் கைத்தையலாக அருவி. பெரிய அருவியில் தண்ணீர் பாறையில் மோதிச் சிதறுமே, முழங்கால் இருக்கிற இடத்தில் அதே மாதிரி நூலைச் சிதறவிட்டேன். ஆள் உட்கார்ந்து முழங்காலை மடக்கினால் அருவி வளையும். அதைப் பார்த்து எனக்குள் நானே சிரித்துக்கொண்டேன். அடுத்த வீட்டு அக்கா வந்து எட்டிப்பார்த்து, "புதுத் துணிக்கு எதுக்கு ஒட்டுப் போடுத?" என்று கேட்டாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கடைசியாகப் பாக்கெட். உள்பைக்கு உழைக்கிற பருத்தித் துணி வேண்டும். வீட்டுக்காரரின் பழைய நீலக்கட்டம் போட்ட சாரம் ஒன்று ஓரம் கிழிந்து கிடந்தது. மற்ற ஊர்க்காரர்கள் கைலி என்பார்கள், எங்களுக்குச் சாரம். கல்யாணமான புதிதில் அவர் உடுத்தியது, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்தது. "இதை எடுத்துக்கிடட்டா?" என்று கேட்டேன். "ம்" என்றார். மணிக்கட்டு வரைக்கும் கை போகிற மாதிரி ஆழமாக இரண்டு பைகள் தைத்தேன். வேறு துணி இல்லாமலா அதை எடுத்தேன்? என் கை போகிற இடத்தில் அவர் துணி இருக்கட்டும் என்று நினைத்தேன். அந்த அளவுக்குப் பைத்தியம்.

சீசன் வந்தது. எங்கள் ஊரில் சீசன் வந்ததை மலையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம், போனைப் பார்த்தால் போதும். வருஷம் முழுக்கக் கூப்பிடாத சொந்தமெல்லாம் கூப்பிடும். நல்லா இருக்கியா என்றுகூடக் கேட்க மாட்டார்கள். "தண்ணி விழுதா?" அதுதான் முதல் கேள்வி. விழுகிறது என்று சொன்னால் விருந்தாளி, இல்லை என்று சொன்னால், வரவிடாமல் பொய் சொன்னாள் என்று கோள்.

அந்த வருஷம் மதினி வந்தார், வீட்டுக்காரரின் அக்கா. மதுரையிலிருந்து குடும்பத்தோடு. நல்லவர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். முதல் நாள் அருவியில் நைட்டியோடு குளித்தார். சாரல் காற்றில் எங்கள் ஊரில் துணி காயாது, மறுநாளும் அது சொதசொதவென்றுதான் கொடியில் கிடந்தது. அன்று காலை நான் தைத்த ஜாக்கெட்டுகளைக் கொடுக்கச் செங்கோட்டைக்குப் போயிருந்தேன். சீசன் விருந்தாளிக்குக் குளிக்கப் பழைய துணி எடுத்துக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு போய் நிற்பதற்கு நல்ல துணியையா கொடுப்பார்கள்? எல்லோர் வீட்டிலும் அதற்கென்று கிழிந்ததும் சாயம் போனதும் ஒரு மூட்டை இருக்கும்.

நான் வீடு திரும்பியபோது அவர்களும் குளித்துவிட்டு வந்திருந்தார்கள். மதினி ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து பிழிந்த துணிகளைக் கொட்டினார். அதில் என் ஜீன்ஸ் இருந்தது.

"ரொம்ப வசதியா இருந்துச்சும்மா. பாறைல வழுக்கி உக்காந்தேன், ஒண்ணும் ஆகல. பாக்கெட் என்னா ஆழம்! சீயக்காப் பொட்டலம், சீப்பு எல்லாம் உள்ளயே போட்டுக்கிட்டேன்."

நான் இன்னும் ஒரு தடவைகூட அதைப் போட்டு வெளியே போயிருக்கவில்லை. சாரல் விழுகிற முதல் ஞாயிற்றுக்கிழமை போட்டுக்கொண்டு போக வேண்டும் என்று மடித்து வைத்திருந்தேன். கையில் எடுத்தால் நல்லெண்ணெய் நாற்றம். அரக்குப் பட்டின் சாயம் இளகி, வெள்ளை நூல் முழுக்க இறங்கியிருந்தது. என் அருவியில் வெற்றிலை எச்சில் துப்பிய மாதிரி இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. அதை அப்படியே சுருட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

அடுக்களைக்குள் வைத்து வீட்டுக்காரரிடம் கேட்டேன். "அதையா எடுத்துக் குடுத்தீங்க?"

"ஒட்டுப் போட்டிருந்துச்சு. பழசுன்னு நெனச்சேன்."

"ரெண்டு மாசமா உங்க கண்ணு முன்னாலதான தச்சேன்?"

"நீ எப்பவும் எதையாவதுதான் தச்சுக்கிட்டு இருக்க. எது யாருக்குன்னு நான் என்னத்தக் கண்டேன்?" என்றார். சொல்லிவிட்டு, "அக்கா காதுல விழப்போவுது, மெதுவாப் பேசு" என்றார்.

மெதுவாகப் பேசுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. மதினிக்கு இட்லி ஊற்றினேன், இன்னும் ரெண்டு வச்சுக்கிடுங்க என்று உபசாரம்கூடச் செய்தேன். பிறகு ஜீன்ஸை சோப்புப் போட்டு அலசி, உட்புறம் வெளியே தெரியும்படி புரட்டிக் கொடியில் போட்டேன். எண்ணெய் கொஞ்சம் போனது, சாயம் போகவில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரர் பீடி குடிக்கப் பின்கட்டுக்கு வந்தார். கொடிக்குக் கீழே குனிந்து போனவர் நின்றார். இரண்டு பாக்கெட் பைகளும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றைக் கையில் பிடித்துப் பார்த்தார்.

"ஏட்டி, இது என் சாரம்லா? யாரைக் கேட்டு வெட்டுன?"

கையகலத் துணி. வருஷங்களுக்கு முன்னால் உடுத்தியது. ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை, அவர் பொருள் எதிரே வந்தால் நன்றாகவே தெரிகிறது. இத்தனை நாள் அவருக்குப் பார்வை மங்கல் என்று நான்தான் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மதினி ஊருக்குப் போன மறுநாள், அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது எதிரே உட்கார்ந்து இரண்டு பைகளையும் தையல் பிரித்தேன். இஸ்திரி போட்டு, மடித்து, பீரோவில் அவர் சட்டைகளுக்கு மேலே வைத்தேன். "இது எதுக்கு?" என்று கேட்டார். "உங்க சாரம்லா" என்றேன். மறுநாள் அதை வைத்துப் பைக் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஜீன்ஸ் இன்னும் என்னிடம் இருக்கிறது. போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்கும் போகிறேன். அருவி ஏன் சிவப்பாக இருக்கிறது என்று ஒருத்தி கேட்டாள், அதுதான் டிசைன் என்றேன். கொஞ்ச நாள் பழக்கதோஷத்தில் சாவியைப் பாக்கெட்டில் போடுவேன், அது காலுக்குள் இறங்கித் தரையில் விழும். உள்ளே பை இல்லாமல் வாய் மட்டும் திறந்து கிடந்தால் பார்க்கவும் நன்றாக இல்லை. அதனால் வாயைத் தைத்துவிட்டேன், அதே மஞ்சள் நூலால்.